மதகாக நின்ற பையன்: பிள்ளைகள் பொருளாக மாறி உலகத்தைத் தெரிந்துகொள்வது எப்படி

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால், கல்லணை தாண்டி, வெண்ணாறு வழியாகப் பாமணியாற்றில் புகுந்து எங்கள் வாய்க்காலைத் தொட நாளாகும். தண்ணீர் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், என் தம்பி மகன் திண்ணையில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். நாலரை வயது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளை ஒட்டவைத்திருந்தான்.

"என்னடா பண்றே?"

"ஷட்டர்."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தான், கதவைத் திறப்பது மாதிரி. "தண்ணி போயிடுச்சு அத்தை" என்றான்.

மறுநாள் சாயங்காலம் என் அப்பா அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மதகைக் காட்டினார். மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கர் மேலே நின்று கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றச் சுற்ற, மரை போட்ட இரும்புத் தண்டு மேலே ஏற, அதன் அடியில் பிடித்திருந்த இரும்புப் பலகையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பலகைக்கும் தரைக்கும் நடுவே தண்ணீர் நுரைத்துக்கொண்டு பீறிட்டது. பையன் வாயைத் திறக்கவில்லையாம். வீட்டுக்கு வந்ததும் நேராகத் திண்ணைக்குப் போய்க் குந்தினான். அக்காவைக் கூப்பிட்டுத் தன் தலைக்கு மேலே கையைச் சுற்றச் சொன்னான். அவள் சுற்றச் சுற்ற இவன் எழுந்தான், மெதுவாக, முழங்கால் நடுங்க நடுங்க. பாதி எழுந்ததும் நின்றுகொண்டு காலை அகட்டினான். "அத்தை, நீதான் தண்ணி. கீழ பூந்து போ" என்றான். எனக்கு அது முடிகிற காரியமா? பக்கத்து வீட்டுக் குட்டிப்பெண் தண்ணீராகப் புகுந்து போனாள்.

ஒரே நாளில் அவனுக்குள் மதகு மாறிவிட்டது. முதல் நாள் மதகு அவன் வீட்டு வாசற்கதவு. திறப்பது என்றால் இரண்டு பக்கமும் விலகுவது என்றுதான் அதுவரை அவனுக்குத் தெரியும். இரண்டாம் நாள் மதகில் பலகை மேலே போகிறது, தண்ணீர் அடியில் போகிறது, ஒருவர் மேலே நின்று சுற்றினால்தான் எதுவும் நடக்கிறது. அப்பா விளக்கம் எதுவும் சொல்லவில்லை, "பாருடா" என்று மட்டும்தான் சொன்னார். பார்த்ததை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து உடம்பில் போட்டுப் பார்த்துக்கொண்டான்.

இப்படி ஒரு பொருளாகவே மாறிப் பார்த்து அதைத் தெரிந்துகொள்வதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு நடத்துகிறேன். தினமும் கண்ணெதிரே நடக்கிற விஷயம் இது. ஆனால் இதற்கு ஒரு பெயர் உண்டு, இதைக் கவனித்து எழுதியவர்கள் உண்டு என்று தெரிய எனக்கே பல வருஷம் ஆனது.

போலச் செய்தல் என்றதும் நமக்கு ஆட்களைப் போலச் செய்வதுதான் நினைவுக்கு வரும். அம்மாவின் துப்பட்டாவைப் புடவையாகச் சுற்றிக்கொள்வது, குச்சியை எடுத்துக்கொண்டு சுவருக்குப் பாடம் நடத்துவது, தாத்தா மாதிரி துண்டை உதறித் தோளில் போடுவது. இதையெல்லாம் பெரியவர்கள் ரசித்துப் பார்ப்பார்கள், போனில் படம் பிடிப்பார்கள். அதே குழந்தை மிக்ஸியாக மாறி வீடு அதிரச் சத்தம் போட்டால், "சும்மா இருக்க மாட்டே?" என்று அதட்டல்தான் விழும்.

என்னைக் கேட்டால் இரண்டில் கடினமானது மிக்ஸியாக மாறுவதுதான். அம்மாவைப் போல நடிக்கும்போது ஒரு வசதி இருக்கிறது. அம்மாவுக்கும் இரண்டு கை, குழந்தைக்கும் இரண்டு கை. அம்மாவின் கை செய்வதைத் தன் கையால் செய்தால் போதும். பஸ்ஸுக்கு எது கை, எது கால்? மிக்ஸிக்கு எது வாய்? எந்த அங்கத்தை எதற்கு வைப்பது என்று குழந்தையே முடிவு செய்தாக வேண்டும். அந்தப் பொருளில் எது அசைகிறது, எது சும்மா இருக்கிறது, எது முதலில் நடக்கிறது, எது அதனால் நடக்கிறது என்று பார்த்து வைத்திருந்தால்தான் அந்த முடிவை எடுக்க முடியும். ஆகவே ஒரு குழந்தை எந்தப் பாகத்தை எடுத்து நடிக்கிறதோ, அந்தப் பாகம் அதற்குப் புரிந்திருக்கிறது. விட்டுவிட்ட பாகம் இன்னும் கண்ணில் படவில்லை.

ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1933இல் இதைத் தொட்டு எழுதினார். குழந்தை கடைக்காரராகவும் வாத்தியாராகவும் விளையாடுவதோடு நிற்பதில்லை, காற்றாலையாகவும் ரயிலாகவும்கூட விளையாடுகிறது என்பது அவர் கவனித்த விஷயம். ஒன்றைப் பார்த்து அதைப் போல ஆகிவிடும் திறன் மனிதனுக்கு மிகப் பழையது, அதன் பள்ளிக்கூடம் விளையாட்டு என்று அவர் நினைத்தார்.

அவரைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே. தன் மூன்று பிள்ளைகளையே நாள் கணக்காகக் கவனித்துக் குறிப்பெழுதியவர். 1936இல் வெளியிட்ட ஒரு குறிப்பில், ஒரு வயது நாலு மாதமான தன் மகள் லூசியனிடம் அவர் ஒரு தீப்பெட்டியைக் கொடுக்கிறார். உள்ளே ஒரு சின்னச் சங்கிலி. பெட்டி மிகக் குறுகலாகத்தான் திறந்திருக்கிறது. குழந்தை விரலை நுழைத்துப் பார்க்கிறாள், வரவில்லை. நிறுத்திவிட்டு அந்த இடுக்கையே பார்க்கிறாள். அப்புறம் தன் வாயைத் திறந்து மூடுகிறாள். முதலில் கொஞ்சமாக, பிறகு இன்னும் அகலமாக, இன்னும் அகலமாக. அதற்குப் பிறகு யோசிக்காமல் இடுக்கில் விரலை விட்டுப் பெட்டியை இழுத்துத் திறந்து, சங்கிலியை எடுத்துவிடுகிறாள்.

"இந்த இடுக்கைப் பெரிசாக்க வேண்டும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ள அவளிடம் சொற்கள் இல்லை. அதனால் வாய் அந்தச் சொல்லின் வேலையைச் செய்தது. அவள் அப்பாவைப் போலச் செய்யவில்லை, தீப்பெட்டியைப் போலச் செய்தாள். செய்தபோது வழி தெரிந்தது. பியாஜேயின் கோட்பாடுகளில் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் இந்தக் குறிப்பை நான் எத்தனை முறை படித்தாலும் அலுக்கவில்லை.

அவரே சொன்ன இன்னொன்று. ஒரு சின்னப் பெண் விடுமுறையில் ஒரு பழைய தேவாலய மணிக்கூண்டைப் பார்த்துவிட்டு, மணி எப்படி அடிக்கிறது என்று துளைத்துத் துளைத்துக் கேட்கிறாள். பிறகு அப்பாவின் மேஜைக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்று காது கிழியச் சத்தம் போடுகிறாள். வேலை செய்ய விடமாட்டேன் என்கிறாயே என்று அவர் சொன்னால், என்னிடம் பேசாதே, நான் தேவாலயம் என்கிறாள். கேள்வி கேட்டது ஒரு பாதி, கோபுரமாக நின்றது மறுபாதி. காதில் வாங்கிய பதிலை அவள் உடம்புக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நம் வீட்டுப் பக்கம் வருவோம். ஒரு தடவை வகுப்பில் "கிரைண்டர் மாதிரி செஞ்சு காட்டுங்க" என்றேன். பெரும்பாலான பிள்ளைகள் கையை வட்டமாகச் சுற்றினார்கள். ஒரு பெண் மட்டும் இன்னொருத்தியை நடுவில் நிற்கவைத்து, அவளைச் சுற்றித் தான் ஓடினாள். "கல்லு அப்படியேதான் நிக்கும் டீச்சர், பாத்திரம்தான் சுத்தும்" என்றாள். நடுவில் நின்றவளை நின்ற இடத்திலேயே உருளச் சொன்னாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், சரிதான். கிரைண்டரில் பானை சுற்றுகிறது, கல் தன் இடத்திலேயே உருள்கிறது. எங்கள் பாட்டி வீட்டு ஆட்டுக்கல்லில் இது நேர்மாறு. அங்கே கல் அசையாது, குழவிதான் சுற்றும். நாங்கள் சின்ன வயதில் ஆட்டுக்கல் விளையாடியபோது குழவியாக இருக்கத்தான் சண்டை போடுவோம். இத்தனை வருஷம் மாவரைத்தும் இந்த வித்தியாசம் எனக்குத் தோன்றவில்லை. அவள் அதற்குள் போய்ப் பார்த்தவள், அவளுக்குத் தெரிந்தது.

உடம்பு ஒரு அளவுகோல் மாதிரி வேலை செய்கிறது. எடை, வேகம், இறுக்கம், தளர்ச்சி எல்லாவற்றுக்கும் முதல் அளவு நம் தசைதான். பஸ்ஸாக ஓடும் பையன் பிரேக் போடும்போது தன் உடம்பு முன்னால் தள்ளுவதை உணர்கிறான். நாற்றாக நிற்கும் பிள்ளைக்குப் பாதம் அசையக்கூடாது, தலை மட்டும்தான் ஆட வேண்டும். வேர் என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் பிறகு படிக்கும்போது, அந்தப் பாதத்தின் ஞாபகம் அங்கே முன்கூட்டியே இருக்கும்.

வயதாக ஆக இது மாறும். மூன்று நாலு வயதுப் பிள்ளையிடம் "பல் தேய்ச்சுக் காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். விரலையே பிரஷாக வைத்துப் பல்லில் தேய்க்கும். ஏழெட்டு வயதுப் பிள்ளை, கையில் இல்லாத பிரஷைப் பிடித்திருப்பது மாதிரி விரல்களை மடக்கி, பல்லுக்கும் கைக்கும் நடுவே இடம் விட்டுத் தேய்க்கும். சின்னப் பிள்ளைக்குப் பொருள் உடம்பிலேயே இருந்தாக வேண்டும். பெரிய பிள்ளை அதைக் காற்றில் வைத்துவிட முடியும். இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். அண்ணனையும் தம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் உங்கள் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. அங்கேதான் குச்சியும் டயரும் நுங்கு வண்டியும் வருகின்றன. ருஷ்ய உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி, எந்தக் குச்சியும் குழந்தைக்குக் குதிரை ஆகும், ஆனால் ஒரு தபால் அட்டை குதிரை ஆகாது என்றார். குச்சியைக் கால் நடுவே வைத்துக்கொண்டு ஓடலாம், அட்டையை முடியாது. உருவம் பொருந்த வேண்டியதில்லை. செய்கை பொருந்தினால் போதும். நுங்கு தின்றபின் மிஞ்சும் இரண்டு வெற்றுக் காய்களைக் குச்சியில் கோத்து, கவட்டையால் தள்ளிக்கொண்டு ஓடும் பையனைப் பாருங்கள். சக்கரம் வெளியே வந்துவிட்டது. எஞ்சின் இன்னும் அவன் தொண்டையில்தான் இருக்கிறது. ஹாரன், கியர், மேட்டில் ஏறும் திணறல் எல்லாம் அவன்தான்.

இது நம் மண்ணுக்குப் புதிதில்லை. காவிரி கடலில் கலக்கும் புகார் நகரத்தைப் பாடும் பட்டினப்பாலையில், வாசலில் காயும் உணவைத் தின்ன வரும் கோழி மேல் பெண்கள் தங்கள் காதணியைக் கழற்றி எறிகிறார்கள். அது கிடந்து, பிள்ளைகள் உருட்டி வரும் முக்காற் சிறுதேரின், அதாவது மூன்று சக்கரத் தேரின், வழியை மறிக்கிறது. அந்தச் சிறுதேரைப் புலவர் "புரவி இன்று உருட்டும்" என்கிறார், குதிரை இல்லாமல் உருட்டுகிற தேர். தேர் மரத்தில் இருக்கிறது, குதிரை எங்கே? அதை உருட்டுகிற பையனே குதிரை என்றுதான் எனக்குத் தோன்றும். நுங்கு வண்டியும் அதே கணக்குத்தான்.

ஒரு பிள்ளை தனியாகச் செய்வதைவிட, கூட்டமாகச் செய்யும்போது விஷயம் இன்னும் பெரிதாகிவிடும். சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு ரயில் ஓட்டுவார்கள். முன்னால் இருப்பவன் சட்டென்று வளைந்தால் கடைசிப் பெட்டி தூக்கி எறியப்படும். நடுவில் இருப்பவனுக்கு இது தெரியாது, கடைசிப் பெட்டியாக ஒரு தடவை இருந்தவனுக்குத் தெரியும். திருவாரூர் ஆழித்தேர் பார்த்துவிட்டு வந்த வாரத்தில் எங்கள் பள்ளி மைதானத்தில் தேர் ஓடியது. நாலு பேர் தோளைக் கோத்துத் தேர். கயிறு பிடித்தவர்கள் வடம் இழுப்பவர்கள். எல்லாரையும்விடச் சின்னவனை என்ன செய்வது என்று யோசித்துவிட்டு, "நீ முட்டுக்கட்டை" என்றார்கள். அவன் ஓடிப்போய்த் தேரின் காலருகே உட்காருவான், தேர் நிற்கும். அத்தனை பெரிய தேரை ஒரு சின்னக் கட்டை நிறுத்திவிடுகிறது என்பதில் அவனுக்கு இருந்த பெருமையை நான் மறக்க மாட்டேன். அப்புறம் எல்லாரும் முட்டுக்கட்டை ஆக வேண்டும் என்று வரிசை கட்டினார்கள்.

மொழிக்கும் இதில் பங்கு உண்டு. தமிழில் இரட்டைக்கிளவி என்று இலக்கணமே வகுத்திருக்கிறார்கள். தண்ணீர் சலசலக்கிறது, வண்டி கடகடக்கிறது, அடுப்பு படபடக்கிறது. நாக்கும் உதடும் பொருளைப் போல நடிப்பதுதானே இது? குழந்தை பம்புசெட்டை முதலில் "டுகுடுகு" என்றுதான் கூப்பிடும். பெயர் பிறகு வரும். "அது டுகுடுகு இல்ல, மோட்டார்னு சொல்லு" என்று திருத்த அவசரப்பட வேண்டாம். அந்த டுகுடுகுவில் பம்புசெட்டின் தாளம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? பெரிதாக எதுவும் வேண்டாம். அசல் பொருளைக் காட்டுங்கள். மதகு, நாற்றங்கால், கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும் இயந்திரம், தச்சர் இழைப்புளி பிடிக்கும் விதம். போனில் காட்டுவதும் காட்டுவதுதான், ஆனால் அதில் வாசனை இல்லை, அதிர்வு இல்லை, சுற்றி வந்து பின்பக்கம் பார்க்க முடியாது. குழந்தை பொருளாக மாறியிருக்கும்போது கேள்வி கேட்பதானால், அந்தப் பொருளிடம் கேளுங்கள். "மதகே, தண்ணி எந்தப் பக்கமா போகுது?" என்று கேட்டால் பதில் உடனே வரும். "மதகு எப்படி வேலை செய்யுது சொல்லு" என்று பையனிடம் கேட்டால் முழிப்பான். தப்பாகச் செய்தாலும் அப்போதே திருத்தாதீர்கள். எது விட்டுப்போயிற்று என்று மனதில் வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை அசலைக் காட்டக் கூட்டிப்போங்கள். என் தம்பி மகனுக்கு நடந்தது அதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பார்க்கப் போகும்போது கையை விடாதீர்கள். தண்ணீராக விளையாடும் பிள்ளைக்கு நிஜத் தண்ணீர் கிட்டத்தில்தான் இருக்க ஆசை வரும். எங்கள் ஊரில் வாய்க்கால் வாசலுக்கு எதிரே ஓடுகிறது. அறுவடை மெஷினும் அப்படித்தான், வரப்பில் நின்று தூரத்திலிருந்து பார்த்தால் போதும். விளையாட்டு வீட்டுக்கு வந்தபிறகு நடக்கட்டும்.

பொருளாக மாறுவது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ள மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பியாஜேயின் குறிப்புகளில், அடுக்களை மேஜையில் இறகு பிடுங்கிய வாத்தைப் பார்த்த ஒரு பெண், சாயங்காலம் சோபாவில் அசையாமல் கிடக்கிறாள். உடம்பு சரியில்லையோ என்று பயந்து கேட்டால், "நான் செத்துப்போன வாத்து" என்கிறாள். அதைப் படித்தபோது எனக்கு 2018 நவம்பர் ஞாபகம் வந்தது. 16ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கம் கரை கடந்தது. பொழுது விடிந்து பார்த்தால் எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. தாத்தா காலத்து மரங்கள். பெரியவர்கள் வாசலில் உட்கார்ந்து பேசாமல் இருந்தார்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்து எங்கள் தெருப் பிள்ளைகள் தென்னைமரமாக விழ ஆரம்பித்தார்கள். கையை மேலே விரித்து நிற்பார்கள், ஒருவன் "ஊ" என்று காற்றாக வந்து சுற்றுவான், மரம் முதலில் தலையை ஆட்டும், பிறகு இடுப்பிலிருந்து சாயும், பிறகு தொப்பென்று விழும். திரும்பத் திரும்ப, ஒரு நாளைக்குப் பத்து இருபது தடவை. அபசகுனம் என்று ஒரு பாட்டி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விரட்டினார். அவருடைய தோப்பும் போயிருந்தது, அவரைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் அடுத்த தெருவில் போய் விழுந்தார்கள். ராத்திரி முழுக்கச் சத்தம் மட்டும்தான் கேட்டிருந்தார்கள் அவர்கள். மரம் விழுவதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்காததைத்தான் விழுந்து விழுந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

கரண்ட் பல நாள் வரவில்லை. வெளிமாவட்டங்களிலிருந்து மின்வாரியத்து ஆட்கள் வந்து தெருத்தெருவாகக் கம்பம் நட்டார்கள். குழி தோண்டி, கயிறு கட்டி, "ஏய்ஸா" போட்டு இழுத்து நிமிர்த்துவதைப் பிள்ளைகள் சாப்பாட்டை மறந்து பார்த்தார்கள். மறுநாள் விளையாட்டு மாறியிருந்தது. ஒரு பெண் விறைப்பாகத் தரையில் படுத்துக்கொண்டாள். இரண்டு பேர் அவள் கையைப் பிடித்து இழுக்க, ஒருவன் காலடியில் உட்கார்ந்து பாதம் நழுவாமல் பிடித்துக்கொண்டான். அவள் முழங்காலை மடக்காமல், கட்டை மாதிரியே நிமிர்ந்து வந்தாள். நிமிர்ந்ததும் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டாள், கம்பி கட்டுவதற்கு. பையன்கள் இல்லாத கம்பியை இழுத்து அவள் விரலில் சுற்றினார்கள். அவள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது, "இரும்மா, இன்னும் லைன் குடுக்கல" என்று அசையாமல் நின்றாள்.